பதினாலாவது நிமிஷத்துக்கு அப்புறம்

பன்னெண்டு சதவீதம். இன்னும் எண்பத்தெட்டு பாக்கி இருக்கு, மெதுவா போ ராசா, ஒரு அவசரமும் இல்ல, உன்னை யார் துரத்துறா. என் லேப்டாப்புல பில்ட் பண்ணித் தூக்கி இதுக்குள்ள போட்டிருந்தா நாலு நிமிஷ வேலை, காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ஆனா நான்தான் மகா கெட்டிக்காரனாச்சே, உள்ளங்கை அகலம் இருக்கிற இந்த கேம் கருவிக்குள்ளயே, எழுதின கோடை ஓடுற ப்ரோக்ராமா மாத்துற கம்பைலரை ஏத்தி, இதுலயே ஓட விட்டிருக்கேன். நாப்பது நிமிஷம் ஆகும், சூடேறிட்டா அம்பதுகூட ஆகும். தமயந்தி வந்து கேட்டா, சின்ன மெஷின்மா, மூச்சு வாங்கும்னு சொல்லிக்கலாம், அவளும் நம்பிடுவா, எட்டு மாசமா நான் சொன்ன எதைத்தான் அவ நம்பாம இருந்தா. சமையக்கட்டுல மீன் கழுவுற தண்ணிச் சத்தம் கேக்குது. ஆவடியிலேருந்து அரக்கோணத்துக்கு லோக்கல் புடிச்சு வந்தவனுக்கு மீன் குழம்பு வேற. தணிகாசலத்தோட பொண்டாட்டி எனக்கு மீன் கழுவுறா, தணிகாசலத்தோட ரூம்ல, தணிகாசலத்தோட சேர்ல நான் உக்காந்திருக்கேன். வேற சேர் இல்லையான்னு கேக்க வாய் வரல. இதே சேர்லதான், இதே மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, என்கூட கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கிட்டிருக்கும்போதுதான் அவனுக்கு மூளையில ரத்தக்குழாய் அடைச்சுது. ரெண்டாம் நாள் சாயந்திரம் போய்ச் சேர்ந்துட்டான். நாப்பத்திநாலு வயசு. பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு தமயந்தி இந்தக் கருவியைக் கொண்டாந்து என் கையில குடுத்து, "அவர் கடைசியா ஆடின ஆட்டம் உங்ககிட்ட இருக்கும்ல அண்ணா, அதை இதுல போட்டுக் குடுங்க, நான் பாக்கணும்"னா. சரிம்மான்னு சொன்னேன். அந்த நேரத்துல கிணத்துல குதின்னு சொல்லியிருந்தாலும் சரிம்மான்னுதான் சொல்லியிருப்பேன்.

பத்தொன்பது. இதெல்லாம் ரெண்டு வாரத்து வேலைங்க. இந்தக் கோட்டை ஆட்டம் உலகம் பூரா முகம் தெரியாதவங்க சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு திறந்து போட்டது. வயல் இருக்கும், சுரங்கம் இருக்கும், குதிரைப்படை இருக்கும், ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து ஒருத்தன் கோட்டையை ஒருத்தன் இடிக்கணும். ஹாஸ்டல்ல ஆரம்பிச்சோம், கல்யாணம் ஆச்சு, தொப்பை வந்துச்சு, ஆட்டம் மட்டும் நிக்கல, ஞாயித்துக்கிழமை பத்தரைன்னா அவன் அரக்கோணத்துலயும் நான் ஆவடியிலயும் ஆஜர். போன வருஷம் தணி இந்தக் கருவியை வாங்கிட்டு வந்து, "மதியா, இதுவும் லினக்ஸ்தான்டா, நம்ம கோட்டையை இதுல ஓட வச்சிட்டோம்னா ட்ரெயின்ல படுத்துக்கிட்டே உன்னை அடிப்பேன்"னான். அவன் பட்டன் பக்கம் எடுத்துக்கிட்டான், நான் ஸ்கிரீன் பக்கம். மவுஸ் இல்லாத கருவியில நூறு சிப்பாயை எப்படிப் புடிக்கிறது, எழுத்தெல்லாம் கடுகு மாதிரி தெரியுதே அதை எப்படிப் பெருசாக்குறது, இப்படி ஒவ்வொண்ணா. அவன் எழுதின கோட்ல ஒரு இடத்துல "இதைத் தொடுறவன் கை வெந்து போகும், முக்கியமா மதியழகன் கை"ன்னு எழுதி வச்சிருக்கான், நேத்துதான் பாத்தேன், பாத்துட்டு லேப்டாப்பை மூடிட்டேன். அவன் போனப்புறம் மிச்சத்தை முடிச்சேன். ஆட்டம் ஓடுச்சு. பழைய ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டுற ரீப்ளே மட்டும் ஓடல. அதாவது ஓடுச்சு, பதினாலாவது நிமிஷம் வரைக்கும். விஷயம் என்னன்னா, ரீப்ளேங்கிறது வீடியோ இல்ல. யார், எந்த நொடியில, என்ன உத்தரவு போட்டாங்கங்கிற பட்டியல் மட்டும்தான் அதுல இருக்கும். மெஷின் அந்தப் பட்டியலை வச்சு முழு ஆட்டத்தையும் முதல்லேருந்து மறுபடி கணக்குப் போட்டு ஆடிக் காட்டும். குழம்பை எடுத்து வைக்காம செய்முறையை மட்டும் எழுதி வச்ச மாதிரி. எங்க லேப்டாப்பெல்லாம் பெருக்கி, தசமத்தை வெட்டி, அப்புறம் கூட்டும். இந்தக் கருவியோட ப்ராசஸர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே மூச்சுல பண்ணிடும். கடைசி தசமத்துல ஒரு துளி மாறும். துளிதான். பதினாலாவது நிமிஷத்துல தணியோட குதிரைப்படை பாறைக்கு வலது பக்கம் போறதுக்குப் பதிலா இடது பக்கம் போகும், அங்கேருந்து எல்லாம் நாசம். இல்லாத எதிரியோட சண்டை போடும், வெட்டவெளியில சுவர் கட்டும், தண்ணிக்குள்ள போய் நிக்கும். தமயந்திகிட்ட அந்தக் கூத்தைக் கொஞ்சம் காட்டி நிறுத்தினேன், அதுக்கு மேல நானே ஓட விட்டதில்ல. "பாரும்மா, மெஷின் தப்பாக் கணக்குப் போடுது, அதான் லேட்டாகுது"ன்னேன். அவ பாத்தா. உங்க லேப்டாப்ல நேரா பாக்க முடியாதான்னு கேட்டா. அதுல வெர்ஷன் மாறிப்போச்சும்மான்னு சொன்னேன். மாறல. ஃபைலும் இருக்கு, வெர்ஷனும் இருக்கு, அதை நான் ஒரு தடவைகூட திறந்து பாக்கல. பெருக்கலையும் கூட்டலையும் தனித்தனியா பண்ணுன்னு கம்பைலர்கிட்ட சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு. இன்னிக்குத்தான் போட்டிருக்கேன். ஏன்னா போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, நீங்க இங்கயே வந்து பண்ணுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவால்ல, நான் வீட்லதான் இருக்கேன்"னா. அதுக்கு மேல என்ன பொய் சொல்றது, ஸ்டாக் தீர்ந்து போச்சு.

முப்பத்தொண்ணு. இந்த நம்பரா வந்து நிக்கணும், சே. முப்பத்தொண்ணாவது நிமிஷத்துலதான் தணியோட ஆளுங்க அசையாம நின்னாங்க. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா நான் சந்தோஷப்பட்டேன். பதினோரு வாரமா வரிசையாத் தோத்திருந்தேன் நான், பதினோரு ஞாயித்துக்கிழமை அவன் சிரிப்பைக் கேட்டவன், பன்னெண்டாவது வாரம் அவன் படை ஆத்தோரமா அப்படியே நிக்குது. முதல்ல பதுங்குறான்னு நினைச்சேன். அது அவன் பாணி, செத்தவன் மாதிரி கிடப்பான், கிட்டப் போனா பாய்வான். அதனால மெதுவா ஒரு வயலைக் கொளுத்தினேன். ஒண்ணும் இல்ல. இன்னொரு வயல். சுரங்கம். ஒண்ணும் இல்ல. ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டிருக்கலாம்னு இப்ப சொல்றேன், அப்ப எங்களுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு, ஹாஸ்டல் காலத்துச் சட்டம். ஆட்டம் நடக்கும்போது போன் எடுத்தவன் தோத்தவன். பரீட்சை நேரத்துல எவனோ நடுவுல வீட்டுக்கு போன் பேசப் போய் ஆட்டம் கெட்டுப்போச்சுன்னு போட்ட சட்டம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் போனை வேற ரூம்ல பீரோவுக்குள்ள வச்சுட்டுத்தான் உக்காருவோம். அவன் வீட்லயும் அப்படித்தான், என் வீட்லயும் அப்படித்தான். எழுந்து போய் பீரோவைத் திறந்து தமயந்திக்கு ஒரு போன். அவ்வளவுதான். நான் தோத்ததா ஆகியிருக்கும், பன்னெண்டு ஆகியிருக்கும், ஆகட்டுமே, என்ன குடி முழுகிப்போச்சு. எழுந்திரிக்கல. ஜெயிக்கப் போறேன்ல. அரட்டைப் பெட்டியில, "என்னடா தூங்கிட்டியா"ன்னு அடிச்சேன். பதில் இல்ல. அப்புறம் அடிச்சேன் பாருங்க, "டேய் செத்துட்டியாடா"ன்னு. நாம எல்லாரும் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்றதுதான். லேட்டா வந்தா செத்துட்டியா, போன் எடுக்கலைன்னா செத்துட்டியா. ஆனா அது ரீப்ளேக்குள்ள இருக்கு, என் பேரோட, நிமிஷத்தோட. பத்தொன்பது நிமிஷம் இடிச்சிருக்கேன். ஒரு மனுஷன் சேர்ல சாஞ்சு கிடக்கான், நான் அவன் வீட்டைக் கல்லு கல்லா இடிச்சிருக்கேன். அம்பதாவது நிமிஷம் கோட்டை விழுந்துச்சு, எழுந்து ரெண்டு கையையும் தூக்கி ஒரு கத்து கத்திட்டு, குளிக்கப் போயிட்டேன். குளிக்கும்போது பாட்டு வேற.

ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் முதல் பொய். யாரும் என்னைக் குத்தம் சொல்லல. தமயந்தி பெஞ்சுல உக்காந்திருந்தா, காலுக்குச் செருப்புகூட போடாம ஓடியாந்திருந்தா, டாக்டர் அப்பத்தான் வந்து, இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொல்லிட்டுப் போனார். பதினொன்னே முக்காலுக்குத்தான் அவ சாப்பிடக் கூப்பிட ரூமுக்குள்ள போயிருக்கா. என்னைப் பாத்ததும், "அண்ணா, உங்ககூடதானே ஆடிக்கிட்டிருந்தார், ஏதாவது சொன்னாரா"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா. "இல்லம்மா, அரை மணியிலயே லைன் கட் ஆயிடுச்சு"ன்னேன். யோசிச்சுச் சொல்லல, இருமல் வர்ற மாதிரி வந்துச்சு. அப்புறம் அதையே அவன் தம்பிகிட்ட சொன்னேன், ஆபீஸ்காரங்ககிட்ட சொன்னேன், என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், சொல்லச் சொல்ல எனக்கே லைன் கட் ஆன மாதிரிதான் ஞாபகம் வருது. ஆனா கோட்டை ஆட்டம் தெரிஞ்சவன் எவனாவது பக்கத்துல இருந்திருந்தா அங்கயே என் சட்டையைப் புடிச்சிருப்பான். இந்த ஆட்டத்துல ஒருத்தன் லைன் போனா இன்னொருத்தன் ஆட்டமும் அதே நொடியில நின்னு போகும். ரெண்டு மெஷினும் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டேதான் அடுத்த அடி வைக்கும். அவன் மெஷின் உயிரோட இருந்ததாலதான் என்னால அவனை இடிக்க முடிஞ்சுது. லைன் கட் ஆகியிருந்தா ரீப்ளே முப்பத்தொண்ணுல முடிஞ்சிருக்கணும். அது அம்பது வரைக்கும் போகுது. தமயந்திக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா ரீப்ளேக்கு அடியில மணி ஓடும், அவளுக்கு மணி பாக்கத் தெரியும், என் அரட்டை இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தமிழ்தான், அதையும் படிக்கத் தெரியும். அந்தத் தசமப் பிசகுதான் இத்தனை மாசம் என் மானத்தைக் காப்பாத்துச்சு. இப்ப அதைத்தான் என் கையாலயே சரி பண்ணிக்கிட்டிருக்கேன்.

"அண்ணா, மோர் குடிக்கிறீங்களா?" அறுபத்தெட்டு சதவீதத்துல வந்து நிக்கிறா. இளைச்சுப் போயிட்டா. "வேணாம்மா." "ஃபேன் வேகமா வைக்கட்டா? வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு." "இல்லம்மா, இது சூடு, இந்த மெஷின் சூடு." அவ எட்டிப் பாத்தா, கறுப்பு ஸ்கிரீன்ல வரிவரியா ஓடுறதைப் பாத்தா. "இன்னிக்கு ஆயிடுமா?" "ஆயிடும்." "ஆனதும் கூப்பிடுங்க, நீங்க தனியாப் பாத்துடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. தனியாப் பாத்துடாதீங்களாம். இப்பகூட ஒண்ணும் கெட்டுப் போகல. இந்த ஓட்டத்தை நடுவுல நிறுத்திட்டு அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டா, மறுபடி குதிரைங்க பாறைக்கு இடது பக்கம் போகும், பாரும்மா இது திருந்தவே திருந்தாதுன்னு சொல்லிட்டு மீன் குழம்பு சாப்பிட்டு ரெண்டு மணி லோக்கலைப் புடிச்சிடலாம். யார் கேக்கப் போறா. தணி கேப்பான். இல்ல, அவன் எங்க கேப்பான். அவன் இருந்தா, அஞ்சு மாசமா ஒரு வரியை உள்ள வச்சுக்கிட்டு நாடகம் போடுறியாடா நாயேன்னு கேப்பான். எழுபத்தொண்ணு. ஸ்டேஷன் பக்கம் ஏதோ எக்ஸ்பிரஸ் நிக்காம போகுது, ஜன்னல் கம்பி அதிருது. இந்தக் கம்பி அன்னிக்கும் அதிர்ந்திருக்கும். அவன் கேட்டுக்கிட்டு இருந்திருப்பான். எவ்வளவு நேரம் நினைவு இருந்துச்சுன்னு யாரும் சொல்லல, நானும் கேக்கல. உடனே மயக்கம் போட்டிருப்பான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னுதான் நான் வச்சிருக்கேன். அதை வச்சுத்தான் தூங்குறேன். எண்பத்திரெண்டு. கை போய் நிறுத்துற பட்டன் மேல உக்காருது, எடுக்கிறேன், மறுபடி போய் உக்காருது. தொண்ணூறு வந்ததும் கையைத் தொடைக்குக் கீழ வச்சுக்கிட்டேன், பரீட்சை ஹால்ல உக்காந்தவன் மாதிரி.

நூறு. முடிஞ்சுது. கூப்பிடணும். கூப்பிடல. சோதனை பண்ணிப் பாக்காம எப்படிக் காட்டுறதுன்னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டு, சத்தத்தை அணைச்சிட்டு, நாலு மடங்கு வேகத்துல ஓட விட்டேன். பதினாலாவது நிமிஷம் குதிரைப்படை வந்துச்சு. பாறை. வலது பக்கம் திரும்புச்சு. அட, எவ்வளவு அழகாத் திரும்புச்சு தெரியுமா, முப்பது குதிரை, ஒண்ணு பிசகல. அவன் கை அது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இருபது, இருபத்தஞ்சு, என்னைப் போட்டு என்ன அடி அடிக்கிறான். முப்பத்தொண்ணு. ஆத்தோரம் படை நின்னுச்சு. இதுக்கு மேல அவன் பக்கம் ஒண்ணுமே இருக்காது, என் அசிங்கம் மட்டும்தான் இருக்கும்னு நினைச்சு வேகத்தைக் குறைச்சேன். அப்ப அவன் கோட்டை மேல ஒரு மஞ்சள் கொடி முளைச்சுது. எனக்குப் புரியல. இந்த ஆட்டத்துல கொடி நடுறதுன்னு ஒண்ணு இருக்கு, எதிராளிக்கு இங்க பாருன்னு காட்டுறதுக்கு, ஒரு க்ளிக் போதும், டங்குனு மணி அடிக்கும். தணி அதை என் உயிரை வாங்கத்தான் வச்சிருந்தான். என் வயல்ல நடுவான், என் அரண்மனை வாசல்ல நடுவான், டங் டங் டங். எனக்குக் கடுப்பாகி, அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் அவன் கொடி என் ஸ்கிரீன்ல தெரியாம, மணி கேக்காம அணைச்சு வச்சேன். அவன்கிட்ட சொல்லல. அணைச்சது என் பக்கம் மட்டும்தான், பட்டியல்ல எல்லாமே ஏறியிருக்கு. முப்பத்தி மூணுல ரெண்டாவது கொடி. அதே கோட்டை மேல. என் அரட்டை வருது, என்னடா தூங்கிட்டியா. கொடி. டேய் செத்துட்டியாடா. கொடி, கொடி. அதுக்கப்புறம் என் கோட்டை மேல ஒண்ணு, என் மேல, இங்க பாருடா இங்க பாருடான்னு. எழுத முடியல அவனால, பேச முடியல, போன் பக்கத்து ரூம் பீரோவுல இருக்கு, மவுஸ் புடிச்ச ஒரு கை மட்டும் மிச்சம் இருந்திருக்கு. நாப்பத்திநாலு வரைக்கும் நட்டிருக்கான். பதிமூணு நிமிஷம். நினைவோட. நான் எண்ணினேன், இருபத்தாறு கொடி. நான் அந்தக் கொடிங்க நடுவுல பூந்து இடிச்சுக்கிட்டு இருக்கேன்.

ரீப்ளே முடிஞ்சு ஸ்கிரீன்ல என் பேருக்குப் பக்கத்துல வெற்றின்னு வந்து நின்னப்போ தமயந்தி முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. எவ்வளவு நேரமா நின்னாளோ. உள்ளங்கையால ஸ்கிரீனை மூடினேன்.

"முடிஞ்சுதாண்ணா?"

"லைன் கட் ஆகலம்மா." வந்துடுச்சு. "அன்னிக்கு லைன் கட் ஆகல. நான் பொய் சொன்னேன். அவன் அசையாம இருந்தான், நான் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்தேன். போன் பண்ணியிருக்கணும். பண்ணல."

அவ அழல, கத்தல. வந்து கட்டில் ஓரத்துல உக்காந்தா. "தெரியும்ணா. அதே வைஃபையிலதான் நான் எங்க அக்காகூட வீடியோல பேசிக்கிட்டிருந்தேன், சமையக்கட்டுல. ஒரு தடவைகூட கட் ஆகல." முந்தானையில மறுபடி கையைத் துடைச்சா. "நடுவுல அவர் என்னமோ குரல் குடுத்தார். குளறலா, ஒரு மாதிரி. ஆட்டத்துல தோக்குறார் போல, கத்துறார்னு நினைச்சேன். அக்காகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன்கூட, எங்க வீட்ல யுத்தம் நடக்குதுன்னு. அப்பத்தான் அக்கா, ஐயையோ பதினொன்னு பத்தாச்சு, பஸ்ஸுக்குக் கிளம்பணும்னா. இதை நான் யார்கிட்டயும் சொல்லலண்ணா."

ஸ்கிரீன் மேலேருந்து உள்ளங்கையை எடுத்தேன்.

"அந்த நேரத்துல அவர் ஆடிக்கிட்டு இருந்தாரான்னு மட்டும் எனக்குக் காட்டுங்க. ஆடிக்கிட்டு இருந்தார்னா அது ஆட்டத்துக் கத்தல்தான். அது ஒண்ணு தெரிஞ்சா போதும், வேற எதுவும் நான் கேக்க மாட்டேன்."

பத்து முப்பத்திரெண்டுக்கு ஆரம்பிச்ச ஆட்டம். பதினொன்னு பத்துன்னா முப்பத்தெட்டாவது நிமிஷம். தணி அமைச்ச பட்டனை அழுத்தி அழுத்தி அங்க கொண்டு போறேன். நாசமாப் போன தசமமே, இப்பவாவது பிசகித் தொலையேன். பிசகல. கீழ மணியைக் காட்டினேன், பதினொன்னு பத்து. அவ பக்கத்துல வந்து குனிஞ்சா, மஞ்சள் தூள் வாசனை, மீன் வாசனை. கோட்டை மேல மூணு கொடி நின்னுச்சு.

"இந்தக் கொடியெல்லாம் யாருது?"

"அவனுது."

"இதை இப்பதான் வச்சாரா? இந்த நேரத்துலயா?"

"ஆமா."

"அப்படின்னா?"

என்னைப் பாக்குறா. இந்த மூஞ்சியை எட்டு மாசமா நேரா பாக்காம தப்பிச்சவன் நான். உண்மையை இப்பத்தான் ஒரு தடவை சொல்லிப் பழகியிருக்கேன், இன்னொரு தடவை சொல்ல வருமான்னு உள்ளுக்குள்ள தேடினேன்.

"என்னைச் சீண்டுறான்மா. எப்பவும் பண்ணுவான், என் உயிரை வாங்குறதுக்கு. நல்லாத்தான் இருந்தான் அப்போ. நல்லா ஆடிக்கிட்டிருந்தான்."

"நிஜமாவா?"

"பாரேன் நீயே."

அவ கருவியை என் கையிலேருந்து வாங்கி, மூஞ்சிக்குக் கிட்ட வச்சுக்கிட்டா. என் கோட்டை மேல ஒரு கொடி முளைச்சுது. அவ தோள் குலுங்குச்சு, அழுறான்னு நினைச்சேன், சிரிக்கிறா. எட்டு மாசத்துல முதல் தடவையா வாய் விட்டுச் சிரிக்கிறா. விரலை வச்சு எனக்குக் காட்டுறா.

"பாருங்கண்ணா, இன்னொண்ணு நட்டுட்டார்."